மாமியார் வந்தபோது யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவை அழைத்துவர எல்லோரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது

கேள்வி: உறையூர்க்காரி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. திருச்சியில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். மாமனார் காலமான பிறகு, ஆறு ஆண்டுகளாக மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் இன்சுலின் போடுவதில் தொடங்கி, இரவில் பாதத்தில் புண் ஏதும் வந்திருக்கிறதா என்று விரலிடுக்குகளைப் பார்ப்பது வரை எல்லாம் என் பொறுப்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் வந்தபோது வீட்டில் அது குறித்து ஒரு பேச்சும் எழவில்லை என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். கணவர் ஊருக்குப் போய் இரண்டு பெட்டிகளோடும் ஒரு சாமி படத்தோடும் அவரை அழைத்துவந்தார். நான் பூஜை அலமாரியில் அந்தப் படத்துக்கு இடம் ஒதுக்கினேன். அவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா இறந்த பின் துறையூருக்கு அருகில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டில் தனியாக இருந்துவந்தார். ஐப்பசி மழையில் கொல்லைப்புறக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார். இன்னும் மூன்று மாதங்களுக்காவது அருகில் ஆள் இருந்தாக வேண்டும். அதன் பிறகும் தனியாக இருப்பது சரிப்படாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் அண்ணன் புனேயில் வேலை பார்க்கிறான். அண்ணியும் வேலைக்குப் போகிறவர். அம்மா தன் பெயரில் இருந்த வீட்டை எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அண்ணனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குத் திருமணத்தின்போது நகை போட்டுச் சீர் செய்தாகிவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அன்று நானும் மறுத்துப் பேசவில்லை.

அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவருகிறேன் என்று கணவரிடம் சொன்னபோது, “எனக்கு ஒன்றும் ஆட்சேபனை இல்லை, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்” என்றார். அவர் நல்ல மனிதர். அந்த வாக்கியத்தில் எந்தத் தீய எண்ணமும் இல்லை. இருந்தாலும் அன்று இரவு முழுக்க அதுவே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கடனில் பாதியை நான் கட்டுகிறேன். அந்த வீட்டில் என் தாய் படுக்க ஒரு கட்டில் போடுவதற்கு ஆட்சேபனை இருக்கலாம் என்ற நினைப்பே எங்கிருந்து வருகிறது? அண்ணனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?” என்பது. அம்மாவோ இவர்கள் இருவரையும் விடக் கறாராக இருக்கிறார். “பெண் கொடுத்த வீட்டில் எத்தனை நாள் கை நனைப்பது? சம்பந்தி அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது?” என்கிறார். பத்து நாள் என்றால் வருவாராம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் உறவினர்கள் கூடியிருந்தபோது, “மருமகள் இன்னும் வந்து எட்டிப்பார்க்கவில்லையா?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மகன் ஏன் இரண்டு நாளிலேயே திரும்பிப் போய்விட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் முதலில் கோபம் வந்தது அண்ணி மீதுதான், அண்ணன் மீதல்ல. அதை உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது.

பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இங்கே இருந்தால், வீட்டை எப்படி ஒழுங்கு செய்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள். சட்டப்படி எனக்கும் அண்ணனுக்கும் உள்ள பொறுப்பு என்ன என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில்: நாகர்கோவில் டீச்சர்

சகோதரி, என் அம்மா என் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் இருந்து, என் வீட்டிலேயே காலமானார். நாங்கள் மூன்று பெண்கள். ஆண் பிள்ளை கிடையாது. அப்படியிருந்தும் “மகள் வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு வராது. கோயிலில் யாராவது கேட்டால், “கண் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தேன்” என்பார். கண்புரை அறுவை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் அதே பதில்தான்.

முதல் ஓராண்டு முழுவதும் அவருடைய கட்டைப்பை கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே இருந்தது. மூன்று புடவைகள், ஒரு துண்டு, திருநீற்றுச் சம்புடம், பாஸ்புத்தகம். அலமாரியில் ஒரு தட்டு முழுவதையும் காலி செய்து கொடுத்திருந்தேன். துவைத்து மடித்த புடவையை அதில் வைக்காமல், பையை அவிழ்த்து அதற்குள் வைத்து மறுபடி கட்டுவார். நான் அதைப் பார்த்துப் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதை என்று தோன்றுகிறது.

அது மாறியது எப்படி என்று சொல்கிறேன். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் அதிலிருந்து ஒரு தொகையைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்துவிடுவார். நான் எடுத்துத் திருப்பிக் கொடுப்பேன், “பெற்ற தாயிடம் சோற்றுக்குக் காசு வாங்குவேனா?” என்று சண்டை போடுவேன். ஒருநாள் என் கணவர் என்னைத் தனியே அழைத்து, “உன் பெருமைக்காக அவரைப் பிச்சைக்காரியாக்காதே, வாங்கிக்கொள்” என்றார். அடுத்த மாதத்திலிருந்து வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து அம்மா சமையலறைக்கு வந்து, “இன்றைக்குத் தீயல் வை” என்று சொல்லத் தொடங்கினார். அதுவரை எதைப் பரிமாறினாலும் “போதும், போதும்” என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

நடைமுறையில் இரண்டு காரியங்கள் உதவின. ஆதாரில் முகவரியை எங்கள் வீட்டுக்கு மாற்றி, ஓய்வூதியக் கணக்கையும் எங்கள் தெருமுனை வங்கிக் கிளைக்குக் கொண்டுவந்தோம். தபால்காரர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மற்றொன்று, பத்து நாள், ஒரு மாதம் என்று தவணை சொல்லி அழைத்துவராதீர்கள். தவணை சொல்லி வந்தவருக்கு ஒவ்வொரு நாளும் கழிந்துகொண்டே இருக்கும்.


பதில்: கறுப்பு அங்கி

நான் வழக்கறிஞர். சட்டம் பற்றிக் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் வழக்கப்படி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை மகனுக்கு. அந்தக் கடமையைக் கையால் செய்துமுடிக்க வேண்டியவர் மருமகள். மகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். சட்டமோ இதற்கு ஏறக்குறைய நேரெதிராக நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் ‘பிள்ளைகள்’ மீது வைக்கிறது. பிள்ளைகள் என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் இருக்கிறார்கள். மருமகளும் மருமகனும் இல்லை. மருமகனையும் மருமகளையும் சேர்ப்பதற்கு 2019-இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது; அது சட்டமாகவில்லை. ஆகவே, உங்கள் மாமியாரின் பாதத்தை இரவில் பார்க்கும் உங்களுக்கு அந்தச் சட்டத்தின்படி அவரைப் பராமரிக்கும் கடமை எதுவும் இல்லை. அவருடைய மகனுக்கு இருக்கிறது. மகள் இருந்தால் அவருக்கும் இருக்கிறது. அதே போல, உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அண்ணனுக்கும் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. உறவினர்கள் தேடிக்கொண்டிருந்த அண்ணிக்கு இல்லை.

இது புதிய கருத்தும் அல்ல. திருமணமான மகள் மீது பெற்றோர் ஜீவனாம்சம் கோர முடியுமா என்ற கேள்வி 1987-இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. மருத்துவராக இருந்த ஒரு பெண்ணிடம் தந்தை ஜீவனாம்சம் கேட்ட வழக்கு அது. திருமணமாகிவிட்டதால் மகள் மகளாக இல்லாமல் போய்விடுவதில்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அப்படிப் பொறுப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், பெண் பிள்ளைகள் மட்டுமே உள்ள பெற்றோர் கதியற்றுப் போவார்கள் என்றும் சுட்டிக்காட்டியது. அதே தீர்ப்பில், மகளுக்குக் கணவரின் வருமானத்தைச் சாராமல் தனக்கென்று போதிய வருமானம் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே உத்தரவிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்த ஜீவனாம்ச விதி அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது.

நீதிமன்றங்கள் முழுக்க இந்தப் பக்கமே நிற்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். 2016-இல் ஒரு விவாகரத்து வழக்கில், வயதான பெற்றோரை விட்டுப் பிரிந்து வரும்படி கணவரை மனைவி வற்புறுத்தியதைக் கொடுமை என்று கருதுவதற்கான காரணங்களில் ஒன்றாக உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெற்றோரைப் பேணுவது மகனின் கடமை, திருமணமானதும் மனைவி கணவரின் குடும்பத்தோடு சேர்ந்துவிடுவதே இயல்பு என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. மனைவிக்கும் பெற்றோர் இருக்கிறார்களே என்ற கேள்வி அதில் எழவில்லை.

இப்போது, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். உதாரணத்துக்குச் சொல்கிறேன், அமங்கலமாகக் கொள்ள வேண்டாம். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், அவருடைய மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆனால் உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், முதலில் கணவரும் பிள்ளைகளும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்றவர்கள். பெற்றோர் வழியாக வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லாத நிலையில் அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அவள் தானே உழைத்துச் சேர்த்ததற்கு அந்த விதிவிலக்கு கிடையாது. 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில், திருமணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெற்றோர் வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு பெண்ணின் சேமிப்பு, அவரைக் காப்பாற்றிய தாய்வீட்டுக்குப் போகவில்லை. கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போயிற்று. சட்டத்தின் வார்த்தை தெளிவாக இருக்கும்போது அனுதாபத்துக்கு இடமில்லை என்றது நீதிமன்றம். தாய் என்பவள் மகன் வீட்டில்தான் இருப்பாள் என்ற நினைப்பு வாரிசு வரிசைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே என் யோசனை: அம்மா உங்களைச் சார்ந்து வாழப்போகிறார் என்றால், ஓர் உயில் எழுதி வையுங்கள். வங்கியிலோ வைப்புநிதியிலோ நாமினி போட்டிருப்பதால் மட்டும் காரியம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

அண்ணனுக்கு எழுதிய செட்டில்மெண்ட் பத்திரத்தில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அவர் அதைச் செய்யத் தவறினால், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் அம்மாவே கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுப் போட இடமுண்டு. போடுங்கள் என்று சொல்லவில்லை. பத்திரத்தைப் படித்துவிட்டுப் பேச உட்காருவதும் படிக்காமல் உட்காருவதும் ஒன்றல்ல.


பதில்: மூத்த மகன், ஈரோடு

எல்லோரும் ஒரே பக்கமாக எழுதுகிறீர்கள். நான் மறுபக்கத்தில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். சகோதரி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஒரு தங்கை. அவளுடைய திருமணத்துக்கு 40 சவரன் போட்டோம். வாங்கிய கடனுக்கு ஏழு ஆண்டுகள் வட்டி கட்டியவன் நான். என் திருமணம் அதனால் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. தலைத் தீபாவளி, பொங்கல் சீர், வளைகாப்பு, குழந்தைக்குக் காதுகுத்து, அதற்குத் தாய்மாமன் சீர் என்று எதுவும் குறைந்ததில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்த மூன்று ஆண்டுகளும் செலவு என் தலையில் விழுந்தது. தங்கை வருவாள், அழுவாள், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போவாள். அப்பா போன பிறகு, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்துக் கேட்டபோது மட்டும், மகளுக்கும் சம உரிமை உண்டு என்று மாப்பிள்ளை எனக்குச் சட்டம் சொன்னார்.

பெண் என்றால் வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்கிறீர்கள். ஆண் என்றால் பணம் புரட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களே, அது எதிர்பார்ப்பு இல்லையா? உங்கள் அண்ணன் இரண்டே நாளில் ஏன் புனேக்குத் திரும்பினார் என்பது எனக்குப் புரிகிறது. லீவு எடுத்தால் சம்பளம் போகும். சம்பளம் போனால், மகனாக அவனிடம் எதிர்பார்க்கப்படும் ஒரே காரியத்தையும் செய்ய முடியாமல் போகும்.


பதில்: மதுரை ஒற்றைப் பிள்ளை

ஈரோடு நண்பர் எழுதியதில் உண்மை இருக்கிறது. அவர் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அவருடைய அப்பா டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் உப்பில்லாமல் தனியாகச் சமைத்தவர் யார், குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுத்தவர் யார், அதற்கு ஒரு நோட்டு யாராவது போட்டார்களா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நான் என் அம்மாவை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதம், வலது பக்கம் செயலிழந்துவிட்டது. என் மனைவிக்கு வேறு மாவட்டத்தில் வேலை; வாரக் கடைசியில் வருவார். ஆகவே குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் கையால் நடக்கின்றன. முதல் முறை டயப்பர் மாற்றியபோது அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கும் கை நடுங்கியது. பிறகு மருத்துவமனையில் வேலை பார்த்த ஓர் அம்மா சொல்லிக் கொடுத்தார்: மேலே ஒரு பெரிய துண்டைப் போர்த்திவிட்டு, துண்டுக்கு அடியில் கையை விட்டுத் துடைக்க வேண்டும், பார்க்கத் தேவையில்லை, கைக்கே தெரிந்துவிடும் என்றார். ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. நாற்பது வயது வரை அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் அக்காவாக ஒருத்தி பிறந்திருந்தால், பத்து வயதில் பாட்டிக்கு வெந்நீர் வைக்கும்போதே பாதி கற்றிருப்பாள்.

அம்மா அனுமதிக்கப்பட்டிருந்த பெண்கள் பிரிவில் இரவில் ஆண்கள் தங்கக் கூடாது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. மற்ற நோயாளிகளும் பெண்கள்தானே. ஆனால் அங்கே இருந்தவர்கள், “வீட்டில் பொம்பளை ஆள் யாரும் இல்லையா?” என்று கேட்ட தொனியில், ஏதோ என் வீட்டில் ஒரு சாமான் குறைகிறது என்பது போல இருந்தது. அலுவலகத்தில் விடுப்புக் கேட்டபோதும், “மனைவி எடுக்க மாட்டார்களா?” என்பதே முதல் கேள்வி. மத்திய அரசில் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 2018 இறுதியில் அதை ஆண்களுக்கும் நீட்டித்தார்கள். ஆனால் மனைவி இல்லாமல் தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கு மட்டும். வீட்டில் மனைவி இருந்தால் தகப்பனுக்கு அங்கே வேலையில்லை என்பதுதான் அதன் பொருள். பிள்ளைக்கே இந்த நிலை என்றால், தாய்க்காக ஓர் ஆண் விடுப்புக் கேட்டால் விழிக்கத்தானே செய்வார்கள்.

2024-ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் படித்தேன். 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில், வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் 21.4 சதவீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சுமார் 140 நிமிடங்களும், ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிட்டிருக்கிறார்கள். இதில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் அடங்கும். எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. அந்த 74 நிமிடத்துக்குக் கிடைக்கும் பாராட்டை எந்தக் கணக்கெடுப்பும் அளக்கவில்லை. என் தெருவில் என்னைத் ‘தங்கமான பிள்ளை’ என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மாமியாருக்குப் பதினோரு ஆண்டுகளாக இதையே செய்கிறார்; அவரை ஒருவரும் தங்கம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்து இறங்கும் என் மனைவியிடம், “மாமியாரை இப்படி விட்டுவிட்டு எப்படி இருக்கிறாய்?” என்று கேட்கிறார்கள்.

சகோதரி, உங்கள் அண்ணன் பணம் அனுப்புவதாகச் சொல்வார், வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ஆண்டுக்கு இரண்டு மாதம் அவரையும் நேரில் செய்யச் சொல்லுங்கள். தெரியாது என்பார். துண்டைப் போர்த்தும் முறையைக் கற்றுக்கொடுங்கள்.


பதில்: வாவிக்கரை, மட்டக்களப்பு

தமிழ்நாட்டு நண்பர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு என்பதால் எழுதுகிறேன். மட்டக்களப்பில் கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு கட்டிக்கொண்டு நகர்ந்துபோவதும் உண்டு. வயது போன காலத்தில் ஒரு தாய் மகளோடு இருப்பது இங்கே யாருக்கும் புதினமான விடயமே இல்லை. ‘மகள் வீட்டில் கை நனைப்பது’ என்று நீங்கள் சொல்வதை என் அம்மாவிடம் விளக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகவே எங்கள் ஊரில் இந்தச் சிக்கலே இல்லை என்று நினைப்பீர்கள். அம்மம்மா ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். என் மூன்று மாமன்மாரும் தத்தமது மனைவி வீடுகளில், பத்து நிமிட சைக்கிள் தூரத்தில்தான் இருந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை வந்து தலைமாட்டில் கதிரை போட்டிருந்து, தேத்தண்ணீர் குடித்துப் போவார்கள். கழுவித் துடைத்தது அம்மாவும் சின்னம்மாவும். கேட்டால், “வீடு உங்களுக்குத்தானே தந்தது” என்பார்கள். உங்களிடத்தில் வீடு மகனுக்கு, வேலை மருமகளுக்கு. எங்களிடத்தில் வீடும் வேலையும் மகளுக்கு. வீட்டை யார் பெயரில் எழுதினாலும் தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள் மாறவில்லை. எண்டாலும், வீடு கையில் இருக்கிறபடியால் என் அம்மா யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வித்தியாசம் சின்னதல்ல.


மறுமொழி: உறையூர்க்காரி

அனைவருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை. இடையில் அம்மாவை அழைத்துவந்துவிட்டேன்.

மாமியாரிடம் நான் கேட்கவில்லை, சொன்னேன். “அம்மாவுக்கு இனிமேல் இதுதான் வீடு, கீழறையைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்” என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கோயம்புத்தூருக்கு என் மகள் வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாள் காலையிலேயே கிளம்பிவிடுகிறேனே, ஏன் என்று நீ கேட்டதே இல்லையே” என்றார். ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். உண்மையாகவே எனக்கு அது தோன்றியதில்லை. நாத்தனார் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். அவரும் தன் கணவரிடமோ மாமியாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்திருக்கலாம்.

கணவரிடம் அந்த வாக்கியத்தைப் பற்றிப் பேசினேன். முதலில், “நான் மறுக்கவே இல்லையே” என்றார். மறுக்காமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது, உங்கள் அம்மா வந்தபோது எனக்கு யாரும் நன்றி சொல்லும்படி அமையவில்லை என்றேன். அவர் முழுவதுமாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது மாமியாருக்கு இன்சுலின் அவர்தான் போடுகிறார். இரண்டு நாள் ஊசியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். மாமியாரே, “குத்துடா, வலிக்காது” என்று சொல்லவேண்டியிருந்தது.

அண்ணன் மார்கழியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக வருவதாகச் சொல்லியிருக்கிறான். “அண்ணியை அனுப்பட்டுமா?” என்றுதான் முதலில் கேட்டான்; வேண்டாம், நீ வா என்றேன். மதுரை நண்பர் எழுதியதை அவனுக்கு அனுப்பினேன். படித்தான் என்பது தெரிகிறது. பதில் எதுவும் எழுதவில்லை. ஈரோடு சகோதரருக்கு: என் திருமணக் கடனை அடைத்தது அவன்தான் என்பதை நீங்கள் எழுதிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். செட்டில்மெண்ட் பத்திரத்தையும் எடுத்துப் படித்தேன். நிபந்தனை எதுவும் இல்லை. உயில் எழுத ஒரு வழக்கறிஞரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

டீச்சர், அம்மாவும் ஒரு கட்டைப்பையோடுதான் வந்தார். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார், நான் தொடவில்லை. ஒன்றாம் தேதி ஓய்வூதியம் வந்ததும் என் மகளை வங்கிக்கு அனுப்பி எடுத்துவரச் சொல்லி, இரண்டாயிரம் ரூபாயை அரிசி டிரம்மின் மூடி மேல் வைத்துவிட்டு, வாக்கரை ஊன்றித் திரும்பிப் போனார். எடுத்துக்கொண்டேன். இந்த மாதப் பால் கணக்கை அதிலிருந்துதான் தீர்த்தேன்.